எந்தச் சனிக்கிழமையும் வரலாம்

போன சனிக்கிழமை காலை 9.40க்கு என் வீட்டு பெல் அடித்தது.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? டைரியைப் புரட்டிப் பார்த்தேன். இதற்கு முன் அந்த பெல் அடித்தது டிசம்பர் 11. பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வந்த தபால்காரர். அதற்குப் பிறகு ஆறு வாரம்... யாருமில்லை.

நான் நியூஜெர்ஸியில் தனியாக இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி. மனைவி கல்யாணி டாக்டர். இந்த ஊரில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் ரெஸிடென்ஸி என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு இடம் கிடைத்தது டெக்ஸஸில். பெண் வித்யா அம்மாவோடு போய்விட்டாள். எனக்கு வேலை இங்கே. ஜூன் மாதம் இருவரையும் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்று பெட்ரூம் வீட்டில் இப்போது நான், ஒரு தெர்மாமீட்டர், ஒரு டைரி. காலை 6.10க்கு உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று இந்த ஊர் ஃபாரன்ஹீட் கணக்கில் எழுதுவதுதான் என் முதல் வேலை.

கதவைத் திறந்தால் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். பின்னால் கருவிப் பெட்டியோடு உயரமான, தலை நரைத்த அமெரிக்கர். அந்த அம்மாள் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார் தமிழா? பேரைப் பார்த்ததுமே நினைச்சேன்."

பெயர் மெர்ஸி. பாளையங்கோட்டைக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வந்தவர் டாம், ரிட்டயர் ஆன தச்சர். இருவரும் சர்ச் மூலமாகச் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் இந்த வேலை செய்கிறார்களாம். என் அப்ளிகேஷன் வந்ததாம். வீட்டில் குளிர் புகும் இடங்களை அடைக்க வந்திருக்கிறார்களாம்.

அப்ளிகேஷனா? நானா?

விஷயம் இதுதான். இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு வழியாகக் குளிர் உள்ளே வரும். காசு கொடுத்து உண்டாக்கிய சூடு வெளியே போகும். வசதியில்லாத குடும்பங்கள் என்ன செய்யும்? அவர்கள் வீடு தேடிப் போய் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, கதவைச் சுற்றி ஃபோம் பட்டை வைத்துக் கொடுக்கிறார்கள் — இலவசமாக. அதற்கான பணம், வீட்டைச் சூடாக்க எரிக்கும் கேஸுக்கு நாங்கள் கட்டும் பில்லிலிருந்து வருகிறது. பில்லோடு ஒரு கார்டு இருக்கும். 'உதவ விரும்புகிறேன்' என்ற கட்டத்தில் டிக் பண்ணினால் மாதம் ஒரு டாலர் சேர்த்துக் கட்டலாம். ஜனவரி முதல் வாரம் நான் டிக் பண்ணி அனுப்பியிருந்தேன்.

ஆக, நான் கொடுக்கிறவன். இவர்கள் வாங்குகிறவனைத் தேடி வந்திருக்கிறார்கள்.

வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் என்ன ஆகும்? ஸாரி சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்த பெல் மறுபடி எப்போது அடிக்குமோ...

"உள்ளே வாங்க, காபி போடறேன்" என்றேன்.

உள்ளே வந்த மெர்ஸி கோட்டைக் கழற்றவில்லை. என் தலையிலிருந்த மங்கி குல்லாயைப் பார்த்தார்.

"என்ன சார், இது வீடா, மார்ச்சுவரியா? எங்க ஆஸ்பத்திரியில பொணத்தைத்தான் இந்த டெம்பரேச்சர்ல வைப்போம்."

டாம் என்ன ஜோக் என்று கேட்டார். மெர்ஸி மொழிபெயர்த்தார். அவரும் சிரித்தார். அந்த ஹாலில் மூன்று பேர் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது என்று என்னால் சொல்ல முடியாது. அதை டைரியில் எழுதுவதில்லை.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க மெர்ஸி ஓர் ஊதுபத்தி கேட்டார். பூஜை அலமாரியில் கல்யாணி வைத்துவிட்டுப் போன பாக்கெட், பிரிக்காமலேயே இருந்தது. கொளுத்திய பத்தியை ஜன்னல் ஓரமாகப் பிடித்தபடி மெர்ஸி நகர, நேராக எழும்பிய புகை சில இடங்களில் படக்கென்று சாய்ந்தது. சாய்ந்த இடத்திலெல்லாம் டாம் பென்சிலால் கோடு போட்டார். நான் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வீடு முழுக்க ஊதுபத்தி வாசனை. பக்கத்து அறையிலிருந்து கல்யாணி கூப்பிடுவாள் போல இருந்தது.

வித்யாவின் அறைக் கதவடியில் நான் சுருட்டி வைத்திருந்த டவலை மெர்ஸி காலால் தள்ளினார். சூடு வரும் வழியை ஏன் அடைத்து வைத்திருக்கிறேன் என்று கேட்டார்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு மூணு ரூமுக்கும் ஹீட்டு?"

"அந்த ஒரு ஆளுக்குக் குளிராதா சார்?"

நான் காபி ஆறுகிறது என்றேன்.

டாம் ஹால் ஜன்னலில் ஷீட்டை ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, சுருக்கம் போக விறைப்பாக்கினார். மணி 10.35. மெர்ஸி கடிகாரத்தைப் பார்த்தார். இன்று இரண்டு முகவரிகள் இருந்தனவாம். ஒரு மணிக்குள் சர்ச் வேனைத் திருப்பி விட வேண்டும் என்பதால் ஒரு வீட்டுக்குத்தான் நேரம்.

"இன்னொண்ணு கைக்குழந்தை இருக்கிற வீடு. அந்தப் பொண்ணு அடுப்புக்குக் கீழ இருக்கிற ஓவனைத் திறந்து வச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி பிள்ளையைப் போட்டுத் தூங்குதாம். ஆனா வீட்டுக்குள்ள எத்தனை டிகிரிங்கிற இடத்தைக் காலியா விட்டுட்டா. நீங்க 54ன்னு கரெக்டா எழுதியிருந்தீங்க. அதான் உங்களை முதல்ல எடுத்தோம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம்தான்."

54 என்று நான் எங்கே எழுதினேன்? மாடிக்குப் போனேன். எந்தக் காகிதத்தையும் ஆபீஸில் போட்டோகாப்பி எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். ஃபைலில் அந்தக் கார்டின் நகல் இருந்தது. மேல்பாதியில் என் டிக். சரி. கீழ்ப்பாதி உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. வீட்டில் எத்தனை பேர்? — 1. சூடாக்கும் அறைகள்? — 1. காலையில் வீட்டுக்குள் வெப்பம்? — 54 (நம் ஊர் செல்சியஸ் கணக்கில் 12). எல்லாம் என் கையெழுத்து! நம் ஊர் ஆபீஸ்களில் ஃபாரம் நிரப்பி வளர்ந்த கை இது. ஒரு இடம் காலியாக இருந்தால் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அட்லாண்டிக் தாண்டியும் போகவில்லை.

சம்பளச் சீட்டையும் நகலையும் கொண்டுவந்து மெர்ஸியிடம் நீட்டினேன். நான் உதவி வேண்டியவனில்லை, மாதம் ஒரு டாலர் கொடுக்கிறவன் என்றேன். அவர் இரண்டையும் படித்தார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வாசல்லயே."

"ஒரு மணி நேரம் சார். அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க போயிடுவீங்களே."

டாம் ஹேர் டிரையரை நிறுத்தினார். தமிழ் புரிந்திருக்காது. ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

மெர்ஸி திட்டுவார் என்று நின்றேன். அவர் நகலின் கடைசி வரியில் விரல் வைத்திருந்தார். 'வருவதற்கு வசதியான நாள்?' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரு கிழமையை எழுதுவார்களாம். நான் எழுதியிருந்ததை மெதுவாக, தமிழாக்கிப் படித்தார். "எந்தச் சனிக்கிழமையும் வரலாம். நான் வீட்டில்தான் இருப்பேன்."

நகலை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"கோட்டைப் போடுங்கண்ணே. ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. நீங்களும் வந்தா முடிச்சிரலாம். அந்த ஊதுபத்தியையும் எடுத்துக்கங்க."

போனோம். இரண்டாவது மாடியில் சின்ன அபார்ட்மெண்ட். ஓவன் கதவு திறந்தே இருந்தது. குழந்தைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குல்லாய். அம்மாவுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஸ்பானிஷ் பேசினாள், எனக்குப் புரியவில்லை. நான் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை ஜன்னல்களை அளந்து சொல்லச் சொல்ல, டாம் வெட்டினார், மெர்ஸி ஒட்டினார். என் பையிலிருந்த தெர்மாமீட்டரில் நுழையும்போது 51. கிளம்பும்போது, ஓவனை மூடிய பிறகும், 58. குழந்தை கடைசிவரை ஊதுபத்திப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தது. புகை அப்போது நேராகப் போனது.

12.50க்கு வேன் சர்ச் வாசலில் நின்றது. என் வீட்டில் பாதியில் விட்ட ஜன்னல்களுக்கு நானே கடையில் ஷீட் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஒட்டினேன். வித்யாவின் அறையைத் திறந்து சூடு விட்டேன். சாயந்திரம் டெலிபோனில் கல்யாணி, குரல் என்னவோ மாதிரி இருக்கிறதே, ஜலதோஷமா என்று கேட்டாள். யாரோடோ நிறையப் பேசினேன், அதனால் தொண்டை கட்டிவிட்டது என்றேன். 

நேற்று பிப்ரவரி பில் வந்தது, கூடவே அதே கார்டு. மேல்பாதியில் டிக் பண்ணினேன். கீழ்ப்பாதியில் பேனா துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இடத்தையும் காலியாக விட்டேன்.

கடைசி வரியில் மட்டும் முடியவில்லை. எழுதிவிட்டேன்: சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க மாட்டேன்.