தேதி குறிப்பிடாமல்

என் மாமனாரின் பித்தளை மணி இப்போது எங்கள் ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. பழைய ஆபீஸ்களில் பியூனைக் கூப்பிட மேசை மேல் வைத்திருப்பார்களே, தலையில் ஒரு தட்டு தட்டினால் ஒலிக்கும், அந்த ரகம். தூசி துடைக்கும்போது கைபட்டு ஒலித்தால் இன்றைக்கும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார். அப்புறம் அசடு வழியச் சிரிக்கிறார்.

மாமனார் சட்டசபையில் சுருக்கெழுத்து நிருபராக வேலை பார்த்தவர். உறுப்பினர்கள் போட்ட சண்டையையெல்லாம் முப்பது வருஷம் எழுதி எழுதி, ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது சபையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டிபன் ஆனதும் சாப்பாட்டு மேசையில் குடும்பம் கூடும். பேச வேண்டிய விஷயத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குரல் உயர்ந்தால் ஒரு தட்டு: பத்து நிமிஷம் இடைவேளை. ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டும், இடைவேளையில் அந்தப் பேச்சைச் சமையலறையில் தொடரக் கூடாது. அவர் மறுபடி தட்டினால் வந்து உட்கார வேண்டும். கூட்டம் முடிந்தது என்பதற்கு இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு விழாமல் யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த வீட்டில் ஒரு சண்டைகூட ராத்திரி வரை நீண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் சீட்டுக் கொடுத்தாள். தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். அங்கே லேப்பில் வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக ஒரே வரி எழுதியிருந்தாள். அவர் வேறு சாதி. மறுநாள் என் கணவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். மூன்று இடைவேளை விட்டும் அடங்கவில்லை. நாத்தனார் மட்டும் குரலை உயர்த்தாமல், “அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா சரி” என்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது” என்று சொல்லி இரண்டு தட்டு தட்டி, மணியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் மணி ஒலிக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அதையே அப்பாவின் மறுப்பாக நாத்தனார் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரு நாள் காலை கஞ்சி கொடுக்கப் போனபோது மாமனார் என்னிடம் சொன்னார்: “ஒத்திவைக்கிறது வேற, முடிச்சு வைக்கிறது வேறம்மா. ஒத்திவைக்கத்தான் சபாநாயகரால முடியும். முடிச்சு வைக்கிறது கவர்னர்.” பழைய ஆபீஸ் ஞாபகத்தில் பேசுகிறார் என்று நினைத்து, “சரிங்க மாமா, கஞ்சி ஆறுது, குடிங்க” என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. குக்கர் விசில் அடித்ததும் நான் எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த கையோடு நாத்தனார் கைலாசபுரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனாள். லேப்பில் இருந்த அந்த மனிதரிடம் அப்பா சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. பண்டிகைக்கு வருவாள், அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் டிவியில் செய்தி. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த சட்டசபையைச் சபாநாயகர் மறுபடி கூட்டுகிறாராம். “முடிஞ்சு போன சபைதானே, அது எப்படி?” என்று கேட்டேன். சட்டசபைக்காரர் பிள்ளையல்லவா, என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஒத்திதானே வெச்சாங்க. கவர்னர் முடிச்சு வைக்கிற வரைக்கும் அதே கூட்டத்தொடர்தான். குடுத்த நோட்டீஸ் எல்லாம் உசிரோட இருக்கும். முடிச்சு வெச்சாத்தான் செத்துப்போகும்.”

கஞ்சி கொடுத்த அன்று மாமனார் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அவர் மறுக்கவில்லையா? மகளிடம் சொல்லச் சொல்லித்தான் என்னிடம் சொன்னாரா? நேராகச் சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? செத்தவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அதைவிட என் மேல் வந்தது. ஒருவேளை நிஜமாகவே பழைய ஆபீஸ் ஞாபகத்தில்தான் பேசினாரோ? எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதியில் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரை வரச் சொன்னேன். டிபன் ஆனதும் மணியை மேசையில் வைத்து ஒரு தட்டு தட்டினேன். என் கணவர் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் அவளுடைய நாற்காலியில். மாமனாரின் நாற்காலி காலியாக இருந்தது. கஞ்சி, குக்கர் விசில், டிவி செய்தி எல்லாவற்றையும் சொன்னேன். “உன் சீட்டு இன்னும் உசிரோடதாம்மா இருக்கு. அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்குப் புரியல” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் இப்ப எதிர்க்கல” என்றார்.

அவள் மணியைத் தன் பக்கம் இழுத்து, விரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“போன வைகாசியில அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அண்ணி. பத்திரிகை அனுப்பியிருந்தார். போயிட்டுத்தான் வந்தேன்.”

இதற்கு என்ன விதி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் மணியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நான் எழுந்துக்கலாமா அண்ணி?”

மணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. அவளும் எழவில்லை.