நிக்கோலஸின் பேஸ்மேக்கர்

திருப்புறம் ஊர்க்காரர் நிக்கோலஸ், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். போன மழைக்காலத்தில் அவருடைய வயிறு பிணங்கிக்கொண்டது. நாலு வாய் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றால் போதும், கல்யாண விருந்து சாப்பிட்டதுபோல் கும்மென்று நிறைந்துவிடும். காலையில் தின்றது சாயங்காலம்வரை ஏப்பமாக வந்து நலம் விசாரிக்கும்.

மனைவி பிரிஜித், நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மயக்க ஊசி போட்டு, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், அரைத்தூக்கத்தில் கிடந்தவரிடம் டாக்டர் அஞ்சு, "புண் ஒண்ணும் இல்ல அண்ணா. உள்ள இருக்குற பேஸ்மேக்கர் கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான்" என்றார்.

குழாய் வழியாக எதையோ உள்ளே வைத்துவிட்டார்கள் என்று நிக்கோலஸ் முடிவு கட்டினார். பிரிஜித்திடமும் அப்படியே சொன்னார்.

பிரிஜித்தின் அண்ணனுக்கு நெஞ்சில், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உண்டு. அதனால் அவளுக்குச் சட்டமெல்லாம் மனப்பாடம். முதலில் அவர் மடியிலிருந்த போனைப் பிடுங்கினாள். "ஓடுற எஞ்சின் பக்கம் போவாண்டாம். அதுக்குள்ள காந்தம் உண்டு. தண்ணிக்குடமும் தூக்காண்டாம்" என்றாள்.

நிக்கோலஸ் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்க்க வந்தவர்களுக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"தழும்பே இல்லியே?"

"புது மாடலாக்கும்."

இதற்கிடையில், பழுது பார்க்கக் கொடுத்திருந்த மீனவன் டிக்சனின் எஞ்சின் மூடி கழன்ற நிலையில் கிடந்தது. வள்ளம் கரையில் சும்மா நின்றது. பொறுத்துப் பார்த்த டிக்சன், ஒருநாள் நிக்கோலஸை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனான்.

"டாக்டரே, நீங்க வச்ச சாதனம் எஞ்சின் பக்கத்துல போனா கேடாவுமா?" என்று டிக்சன் கேட்டான்.

அஞ்சுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் வைக்கலியே! அது பிறக்கும்போதே எல்லாருக்கும் உள்ளது. இரைப்பை, குடல் சுவர்ல இருக்குற சின்னச் சின்ன செல்லுங்க. அதுங்க தாளம் போட்டுக் குடுக்கும். இரைப்பையில நிமிஷத்துக்கு மூணு அலை எழும்பும். அந்த அலைதான் சாப்பாட்டைக் கடைஞ்சு கீழ தள்ளும். அண்ணனுக்குச் சுகர் கூடினதுல அந்தச் செல்லுங்க தளந்துபோச்சு."

டிக்சன் தன் வயிற்றைத் தடவினான். "எனக்கும் உண்டா?"

"உண்டு."

"ஆட்டுக்கு?"

"ஆட்டுக்கும் உண்டு."

நிக்கோலஸின் முகம் வாடிவிட்டது.

திரும்பும்போது அவர், "எலே டிக்சா, பிரிஜித்திட்ட சொல்லாண்டாம். நானே பைய சொல்லுதேன்" என்றார். டிக்சன் வாக்குத் தவறவில்லை. தன் மனைவி ஷிஜாவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னான்.

ஆட்டோ வந்து நின்றபோது, பிரிஜித் தண்ணீர் நிறைந்த குடத்தோடு வாசலில் நின்றாள்.

"வாருங்கோ. இதத் தூக்க எத்தன அலை வேணும்?"

இப்போது நிக்கோலஸ் சுகர் மாத்திரை போடுகிறார், சாயங்காலம் நடக்கிறார். தின்றது ஒழுங்காக இறங்குகிறது. ஒருவேளைச் சோற்றைப் பல வேளையாகப் பிரித்துத் தின்னச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஒரே குறை: கை கழுவும் வேலை கூடிவிட்டதாம்.