கீழ்வீட்டு அக்கா கேட்ட இடக்கால்

நாற்பத்தாறு வயதில் டிரம்ஸ் பழகினேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனது மாடி ஃபிளாட்டில், டிரம்ஸுக்குப் பதிலாக, இரண்டு கால்பெடல்களும் அடித்துப் பழகும் ரப்பர் தட்டுகளும் மட்டுமே இருந்தன. இரண்டு காலாலும் மாறி மாறி வேகமாக மிதிக்க வேண்டும். தொடையைத் தூக்கித் தூக்கி மிதித்தேன். இடக்கால் எப்போதும் பிந்தியது.

ஒரு மாலை, கீழ்வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா கதவைத் தட்டினார். சத்தமென்று நகரசபைக் கவுன்சிலுக்கு அறிவித்துவிடுவாரோ என்ற பயத்தில் லைட்டை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருந்தேன். பிறகு பெடலைத் தொடவேயில்லை.

ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் மறித்தார்.

"ஏன் தம்பி நிப்பாட்டிப்போட்டியள்?"

"சத்தமெண்டு சொல்லத்தானே அக்கா வந்தனீங்கள்?"

"ஓம், சத்தம்தான். உங்கட இடக்கால் பிந்துறதும் கேக்குது. முழுக்காலாலை இடிக்காதேங்கோ. நான் மெசின் மிதிக்கிற மாதிரி கணுக்காலை மட்டும் ஆட்டுங்கோ. உங்களுக்கும் ஓடும், எனக்கும் டிவி கேக்கும்."

அன்றே முயன்றேன். முதல்தடவையாக இரண்டு கால்களும் பிசகாமல் ஓடின. கீழேயிருந்து அவர் கூட்டுகிற தும்புத்தடியால், சரி என்பதுபோல், சீலிங்கில் இரண்டு தரம் மெதுவாகத் தட்டினார்.

அவர் வீடு மாறிப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது கல்யாணங்களில் வாசிக்கிறேன், கைதட்டுகிறார்கள். அன்று கதவைத் திறக்காததை நினைத்தால் இன்னமும் வெட்கமாக இருக்கிறது. வீட்டில் பழகி முடித்ததும், கீழேயிருந்து அந்த இரண்டு தட்டு வருமா என்று சற்று நேரம் காத்திருப்பேன்.