சின்னவள் கொடுத்த அரை மாத்திரை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கிற ஒரு தோட்டத்துக்கு நான் மூத்த மருமகளாகப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எருமையும் மாடுமாகத் தொழுவம் நிறைய. விடிகிறதற்குள் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றியாக வேண்டும். எனக்குப் பிறந்த ஊர் வடகரப்பதி. வேலைக்கு அஞ்சியவள் இல்லை நான். ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பொறாமை அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தபோது மாமியார் வெளியே தேடவே இல்லை. தன் சொந்த அண்ணன் மகளையே எடுத்துவிட்டார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டு வந்ததால் ரொம்ப நாளாக வராமல் இருந்தது. எல்லாம் தெரிந்தேதான் எடுத்தார்கள். "என்ற அண்ணன் புள்ளைய நான் பாக்காம வேற ஆரு பாக்கறது?" என்றார் மாமியார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள்.

வந்த நாள் முதலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சின்னவள் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, விழுந்துவிடுவாள். அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது. உதைக்கிற எருமையிடம் உட்காரக் கூடாது. அப்படியென்றால் தண்ணீர் சேந்துகிறதும், பால் காய்ச்சுகிறதும், அந்த எருமையிடம் உதை வாங்குகிறதும் யார்? நான்தான். காலையில் ஆம்பிளைகளுக்கு முன்னாலேயே அவளுக்கு இட்லி, பிறகு மாத்திரை, அதற்கு மேல் ஒரு டம்ளர் பால். மாமியார் பக்கத்திலேயே நின்று அவள் குடிக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் நகருவார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மாதம் ஒரு தடவை கொழுந்தனார் அவளை பஸ்ஸில் சித்தூருக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவார். மாத்திரை வாங்கப் போனவர்கள் தலை நிறையப் பூவும், கையில் அல்வாப் பொட்டலமுமாகத் திரும்பி வருவார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பால் சொசைட்டியைத் தாண்டி எங்கேயும் கூட்டிப் போனதில்லை. சாணிக் கையோடு தொழுவத்தில் நின்று அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறதைப் பார்க்கும்போது, அந்த மாத்திரையைத் திங்கிற பாக்கியம் நமக்கு இல்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நினைத்தேன்.

இத்தனைக்கும் எனக்கும் ஒரு நோவு இருந்தது. ஒற்றைத் தலைவலி. இடது பக்கம் பொட்டில் ஆரம்பித்தால் பாதி மண்டையைப் பிளந்துவிடும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வந்தால்தான் கொஞ்சம் அடங்கும். "சுக்கை இழைச்சுப் பத்துப் போடு, செரியாப் போயிரும்" என்பதுதான் வீட்டு வைத்தியம். விழுந்து கையைக் காலை உதறினால் அது நோவு. நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குத் தீனி போட்டால் அது சாக்கு. அப்படித்தான் எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மருமகள்கள் இரண்டு பேருக்கும் எதுவானாலும் சரிபாதி. நோம்பி, பண்டிகைக்குப் புடவை எடுத்தால் ஒரே விலையில், ஒரே மாதிரி. பூ வாங்கினால் முழம் போட்டு இரண்டாக நறுக்குவார் மாமியார். பலகாரமும் அப்படியே. ஓரகத்திகளுக்குள் சண்டை வரக்கூடாது என்று அவர் வைத்த ஏற்பாடு. அதில் இம்மி குறைந்தாலும் நான் விடமாட்டேன்.

ஒருநாள் தலைவலி தாங்காமல் மாமியாரிடம் வெடித்துவிட்டேன். "எல்லாத்துலயும் சரிபாதின்னு சொல்றீங்கல்லங்கத்தை, வைத்தியம் மட்டும் அவுளுக்குத் தனியாங்க? எனக்கு ஒரு மாத்திரை வாங்கிக் குடுக்க இந்த ஊட்டுல ஆளில்லீங்களா?" வாசற்படியில் தவிட்டுக் கூடையோடு சின்னவள் நின்றிருந்தாள். கேட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அப்போது இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு காலையில் எனக்கு வலி தொடங்கியபோது அவள் வந்து என் கையில் சின்னதாக ஒரு காகித மடிப்பை வைத்தாள். உள்ளே அரை மாத்திரை, வெள்ளையாக இருந்தது. "தலவலிக்கு நல்லதுங்க்கா. எங்கூட்டுல இருந்து கொண்டாந்ததுங்க. அத்தைகிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்றதும், 'ஓகோ, அங்கே மருந்துக்கடையே வைத்திருப்பார்கள் போல' என்று அதற்கும் ஒரு பொருமல். ஆனாலும் விழுங்கினேன். தூக்கம் தூக்கமாக வந்தது. வலி அடங்கினமாதிரியும் இருந்தது. பிறகு வலி வருகிற காலையெல்லாம் அவள் ஒரு மடிப்பைக் கொண்டுவந்து தருவாள். நானும் வாங்கி வாங்கி விழுங்கினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

மாரியம்மன் நோம்பி வந்தது. கோயிலில் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடிகிறவரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்கிறதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அந்த நோம்பி நாட்களில் வீட்டு வேலையும் புகையும் உறக்கமில்லாமையும் சேர்ந்து எனக்குத் தலைவலி விடாமல் வந்தது. சின்னவளும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டிருந்த அன்று காலை. ஆம்பிளைகள் இரண்டு பேரும் மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அன்றைக்குக் கிடைத்த அரை மாத்திரையை, வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று முந்தியில் முடிந்துகொண்டு நான் உரலடியில் நின்றிருந்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சின்னவள் சேற்றில் கிடக்கிறாள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. தொட்டியின் விளிம்பில் பட்டு நெற்றி கிழிந்து ரத்தம் வேறு.

அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருத்தர் அரிவாளைத் தேடினார். வலிப்பு நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், கண் திறக்காமலே மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது. பிறகு மறுபடியும். "கம்பம் நட்டிருக்குது, ஊரெல்லை தாண்டி ஆசுபத்திரியில ராத்தங்க முடியாதுங்களே" என்றார் ஒருத்தர். மாமியார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வெசயாப் போயி வண்டியக் கூப்புடுங்க!" என்று ஒரே சத்தம்.

பால் கேன் ஏற்றுகிற வண்டிதான் கிடைத்தது. கேன்களுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் புடவையெல்லாம் ரத்தம். அந்த நேரத்திலும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள்: எனக்கு ஒன்றென்றால் இந்த அம்மாள் இப்படிக் கம்பத்தைத் தாண்டுவாளா?

சித்தூரில் டாக்டரம்மா நரம்பில் ஊசி போட்டார். வெகுநேரம் கழித்துத்தான் இழுப்பு நின்றது. அவர் மலையாளமும் தமிழுமாகப் பேசுவார். "இப்படி விடாம வந்தா உயிருக்கே அபகடம். கண்ணு திறந்து பேசினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்" என்றார். பிறகு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை, நானே முன்னால் நின்று கொடுக்கிறேன் என்று மாமியார் அம்மன் மேல் சத்தியம் செய்தார். டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கோ அதற்குள் தலை பிளந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, முந்தி முடிச்சை அவிழ்த்து அரை மாத்திரையை எடுத்தேன். வாயில் போடப் போன கையை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "எந்தா அது? காட்டு." வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அவளோட குளிகை அல்லவா? நீ எதுக்குத் தின்கிறே?"

அவள் கொடுத்ததுதான், தலைவலிக்கு என்று கொடுத்தாள் என்றேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. "பொறாமப்பட்டே, பொறுத்துக்கிட்டேன். அவ மாத்தரையவே திருடித் தின்னுபோட்டயேடி! அவுளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ற ஊட்டு வாசப்படிய மிதிச்சுறாதே!" என்றார். நான் அழுதேன், சத்தியம் செய்தேன். யார் நம்புவார்கள்? அந்த வீட்டில் என் வாயை எல்லோரும் அறிவார்கள். சாட்சி சொல்ல வேண்டியவளோ கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள்.

டாக்டரம்மா மட்டும் சத்தம் போடாமல் விளக்கிச் சொன்னார். இந்த மாத்திரை மூளைக்குள் புயல் கிளம்பாமல் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வலிப்பு வரவில்லையே என்று குறைத்தாலோ, சட்டென்று நிறுத்தினாலோ, பிடித்து வைத்திருந்ததெல்லாம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இதே வகை மருந்தைச் சில டாக்டர்கள் மனசு ஒரு நிலையில் நில்லாதவர்களுக்கும் கொடுக்கிறார்கள், அடங்காத ஒற்றைத் தலைவலிக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் யாருக்கு, எவ்வளவு, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருத்திக்கு எழுதினதை இன்னொருத்தி தின்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து. வலிப்பு வந்தால் கையில் இரும்பும் வேண்டாம், வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், போதும் என்றும் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே என்னைக் கொன்றது.

கொழுந்தனாரும் என் வீட்டுக்காரரும் சேதி கேட்டுச் சந்தையிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவள் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவளுக்காக எவ்வளவு வேண்டினேன், என் மானத்துக்காக எவ்வளவு வேண்டினேன் என்று கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மறுநாள் வெயில் ஏறின பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. புருஷனைப் பார்த்தே 'ஆருங்க நீங்க' என்றாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் போனது. கண்ணை மெதுவாகச் சுழற்றி எல்லோரையும் பார்த்தாள். கதவோரம் நின்ற என்னிடம் வந்து பார்வை நின்றது.

"அக்கா, தலவலி உட்டுதுங்களா?" என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு டாக்டரம்மா பக்குவமாகக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. மாமியார் முன்னால் பாலைக் குடிக்கும்போது மாத்திரையில் பாதியை மட்டும் விழுங்குவாளாம். மீதிப் பாதியை முன்னாலேயே உடைத்து விரலிடுக்கில் வைத்திருப்பாளாம். "ஏஞ்சாமி இப்படிப் பண்ணினே?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கு அவள் சொன்னாள்: "நம்மூட்டுல எல்லாமே சரிபாதிதானுங்கத்தை. நான் மட்டும் தனியாத் திங்கறது அக்காளுக்கு மனசு பொறுக்கலீங்க. எனக்குத்தான் ரொம்ப நாளா வரலீங்களே, பாதி போதும்னு நெனச்சுப்போட்டேனுங்க."

மாமியார் என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கிற ஜென்மம் இல்லை அவர். "பெரியவளையும் சித்த பாருங்கம்மா, அவுளுக்கும் தலவலி தாங்கறதில்லை" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார், அவ்வளவுதான். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து வெகுநேரம் விசாரித்தார். எனக்கு வேறு மருந்து, வேறு அளவு எழுதிக் கொடுத்தார். இது சாக்கு இல்லை, இதுவும் ஒரு நோய்தான் என்று ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

சின்னவள் பிழைத்தாள். நெற்றியில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அவளுடைய மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். "போலீஸ்காரிங்க்கா நீங்க" என்று சிரிப்பாள். இருந்துவிட்டுப் போகிறேன் என்பேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். பூவுக்கும் அல்வாவுக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. ஏசுகிறவளுக்கும் வலிக்குமே என்று தன் உயிரை உடைத்துப் பாதி கொடுக்கிற அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்கிற பொறாமைதான் இன்றுவரை தீரவில்லை.