ஆட்டுக் கொட்டகைக்கு இரும்பா, மரமா? அழகர்கோவிலிலிருந்து பேரையூர் வரை ஒரு நாள்

இந்த வலைப்பதிவில் இதுவரை கோவில், அருவி, மலை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை நான் பார்க்கப் போனது கொட்டகைகளை. சிரிக்க வேண்டாம். உங்களில் யாராவது ஆடு, மாடு, கோழி என்று இறங்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குப் பயன்படும்.

பேரையூருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஏக்கர் நிலம் உண்டு. பதினாறு வருடம் கணக்கு எழுதிய வேலையை விட்டுவிட்டு அங்கே ஆட்டுப் பண்ணை வைப்பதென்று முடிவு செய்தேன். வங்கிக் கடன் ஏழு வருடத்துக்கு. நாற்பது ஆடுகளுக்கு இருபதுக்கு ஐம்பது அடியில் ஒரு கொட்டகை வேண்டும். கையில் இரண்டு மதிப்பீடுகள் இருந்தன. பேரையூர் ஆசாரி ஒருவர் மரச்சட்டம், ஓட்டுக் கூரை என்று 3,40,000 சொன்னார். அதில் தூணுக்கு என் நிலத்தில் நிற்கும் ஆறு வேப்பமரங்களை வெட்டுவதாகப் பேச்சு. இன்னொன்று இரும்பு. 4,80,000. அதைக் கொடுத்தவன் என் தம்பி பாண்டி.

சிக்கல் அங்கேதான். பாண்டிக்கு மதுரை புதூரில் வெல்டிங் பட்டறை. அவனிடம் கொடுத்தால், தம்பிக்காக வீட்டுக்காரர் பணத்தை இறைக்கிறாள் என்பார்கள் என் கணவர் வீட்டில். கொடுக்காவிட்டால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? என் கணவர், "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று நழுவிவிட்டார். கட்டிப் பல வருடம் ஆன கொட்டகைகளை நேரில் பார்ப்போம், கட்டின பிறகு என்ன செலவானது என்று கேட்போம் என்று எனக்குத் தோன்றியது. பாண்டியிடம் சொன்னேன். "வாரேன்க்கா. நான் போட்ட மொத ஷெட்ட உனக்குக் காட்டுறேன்" என்றான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, முந்தின நாள் மழை விட்டிருந்தது. காலை ஆறரைக்கு அவனுடைய குட்டி யானை வண்டியில் புதூரிலிருந்து கிளம்பினோம். பின்னால் வெல்டிங் மெஷினும் கம்பிகளும் கடகடத்துக்கொண்டே வந்தன.

அழகர்கோவில் பதினெட்டு கிலோமீட்டர். மலைக்கு முன்னாலேயே ஒரு மாந்தோப்புக்குள் திரும்பினோம். அங்கே வள்ளியம்மா அக்கா பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறார். பதினான்கு வருடத்துக்கு முன் கட்டிய மரக் கொட்டகை. வேம்புத் தூண், பனஞ்சட்டம், நாட்டு ஓடு. உள்ளே கால் வைத்ததுமே குளுமை தெரிந்தது. சித்திரையிலும் மாடுகள் நாக்கைத் தள்ளாது என்றார். என் மனம் பாதி மரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

"கரையான் தொல்லை இருக்குமேக்கா?" என்று கேட்டேன்.

"கரையானுக்கு வருசா வருசம் எண்ணெ அடிச்சிருவேன். ரெண்டு தூணுதான் மாத்திருக்கேன். அது பெரிய செலவே இல்ல. செலவு வைக்கிறது கொரங்கு" என்றார். "அம்புட்டும் கூரையில ஏறி ஓட்டப் பெரட்டிப் போட்டுரும். ஓடு மேய ஆளக் கூப்புட்டா, இன்னைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு மழை வந்தப்புறந்தான் வருவாங்க."

எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பதினாலாயிரம் ஆகிறதாம். பேரையூரில் குரங்கு இல்லை. ஆனால் என் கொட்டகை இதைவிடப் பெரியது, கூட்டிக் கழித்து எனக்குப் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டேன். பாண்டி தூண்களைச் சுற்றி வந்தான். "நல்ல வேலைக்கா. கட்டுன ஆளு யாருன்னாலும் கெட்டிக்காரன்" என்று மட்டும் சொன்னான்.

அழகர்கோவிலில் பிரசாதமாகத் தரும் தோசையை வாங்க நேரமில்லை. மேலூரில் இட்லி, வடை, காபி, இருவருக்கும் 160 ரூபாய். அங்கிருந்து திருச்சி நான்குவழிச் சாலையில் கொட்டாம்பட்டி. அழகர்கோவிலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்து மணிக்கெல்லாம் ராசு அண்ணன் பண்ணைக்குப் போய்விட்டோம்.

ராசு அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். அறுபது ஆடு வைத்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன், பட்டறை திறந்த புதிதில் பாண்டி அவருக்குப் போட்ட கொட்டகை அது. "வா மாப்ள! வாம்மா!" என்று வரவேற்றவர், என்னிடம் கூரையைக் காட்டினார். "போன வைகாசிக் காத்துல ஊருல இருக்கிற தகரமெல்லாம் பறந்துச்சு. இது அசையலியே. ஒரு தடவ பெயிண்டு அடிச்சேன், பதினெட்டாயிரம். வேற செலவே கெடையாது."

வரிசை பிசகாத பன்னிரண்டு இரும்புத் தூண்கள், பச்சை வண்ணம், நேரான கூரை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டே திரும்பினால் பாண்டியைக் காணோம். மூலையில் ஒரு தூணின் அடியில் குத்தவைத்து, குவிந்து கிடந்த புழுக்கையைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தூணில் குத்தினான். அது உள்ளே போய்விட்டது.

நான் பார்த்தேன். ராசு அண்ணன் பார்க்கவில்லை. அவர் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். பாண்டி என்னை நிமிர்ந்து பார்த்தான். புழுக்கையை மறுபடி தள்ளி மூடிவிட்டு எழுந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவன் எழுந்து நேராக அவரிடம் போனான்.

"அண்ணே, இங்க வாங்க. ஒன்னு காட்டணும்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டதும் துரு அப்பளமாகப் பெயர்ந்து வந்தது.

"என்னடா இது? பேரன் காலம் வரைக்கும் நிக்கும்னு சொன்ன?"

"தப்பு என்னுதுண்ணே. தூணத் தரையோட தரையா நட்டு காங்கிரீட் போட்டுட்டேன். ஆட்டு மூத்திரம் அங்கயே தேங்கி அரிச்சிருக்கு. ரெண்டு அடி ஒசரத்துக்குக் காங்கிரீட் கட்டை கட்டி அது மேல நிறுத்திருக்கணும். அப்ப எனக்குத் தெரியல."

"தெரியலன்னா? உள்ள அறுவது உசுரு கட்டிக் கெடக்குடா!" அவர் குரல் உயர்ந்தது. அடுத்த தோட்டத்து ஆட்கள் வேலி ஓரம் வந்து நின்றார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பாண்டி தலை குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "திட்டுங்கண்ணே. ஆனா மொதல்ல ஆட்ட வெளிய பத்துவோம்" என்றான்.

ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டுப் பன்னிரண்டு தூண்களையும் சோதித்தான். ஐந்து அரித்திருந்தன. மூலைத் தூண் ரொம்ப மோசம். ராசு அண்ணன் வீட்டிலிருந்த சவுக்குக் கம்புகளை அந்த மூலையில் முட்டாகக் கொடுத்தோம். திட்டிக்கொண்டிருந்தவரே ஒரு முனையைப் பிடித்தார். கம்புகள் நகராமலிருக்க அடியிலும் மேலேயும் இரும்புப் பட்டையை வைத்து இறுக்கினான் பாண்டி. மதியம் இரண்டரை ஆகிவிட்டது.

"அஞ்சு தூணையும் அடியில வெட்டி, கட்டை கட்டி நிறுத்தித் தாரேன். சாமான், கூலி எல்லாம் என்னுது. ஒரு ரூவா வேணாம்" என்றான்.

ராசு அண்ணனுக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனால் சாப்பிடாமல் எங்களை விடவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மதுரையைச் சுற்றி, திருமங்கலம் வழியாகப் பேரையூர், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருமங்கலம் தாண்டியதும் அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அக்கா, நீ மர வேலைக்கே குடுத்துரு. எனக்கு ஒன்னும் வருத்தமில்ல."

"நீ சொல்லாம இருந்தா எனக்கு முடிவெடுக்க லேசா இருந்திருக்கும்ல?" என்றேன்.

"ஒனக்கு லேசா இருந்திருக்கும். அவருக்கு அடுத்த காத்துல தெரிஞ்சிருக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவன் பார்க்க வேண்டாமென்று.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. மேற்கு வெயில் சரிந்து, வேப்பமர நிழல் கொட்டகை வரப்போகும் இடம் முழுவதும் விழுந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டோம். புது முறையில், காங்கிரீட் கட்டைகளோடு இரும்புக்கு 5,20,000 என்று திருத்திச் சொன்னான் பாண்டி.

கடன் முடியும் ஏழு வருடத்துக்கு மட்டும் பார்த்தால் மரம்தான் மலிவு. 3,40,000-உடன் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சேர்த்தால் 4,24,000. இரும்புக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தால் 5,56,000. இருபது வருடத்துக்குப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. மரத்தில் பராமரிப்பு 2,40,000, நடுவில் தூணும் சட்டமும் மாற்ற ஒன்றரை லட்சம் ஆக மொத்தம் 7,30,000. இரும்பில் ஆறு தடவை வண்ணம், ஒரு தடவை தகரம் மாற்ற அறுபதாயிரம் என்று 6,88,000. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் மரத்தின் செலவு வருடா வருடம், அதுவும் மழைக்கு முன்னால், ஆள் கிடைக்காத நேரத்தில் வருகிறது. பேரையூரில் ஓடு மேய இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இரும்பு என்றால் வேப்பமரங்களும் தப்பிக்கும், மேற்கு வெயிலுக்கும் அவையே தடுப்பு.

"நீயே போடுடா" என்றேன்.

"கொட்டாம்பட்டி வேலைய முடிச்சுட்டுத்தான் இத ஆரம்பிப்பேன்."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

அப்படியே செய்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொட்டாம்பட்டிக்குப் போனான். இரண்டு தடவை நானும் கூடப் போய்ச் சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தை கடைசியில் என் கொட்டகை எழும்பியது.

இதுபோல் சுற்ற நினைப்பவர்களுக்கு: மொத்தம் 220 கிலோமீட்டர், டீசல் ஏறக்குறைய 1,400. மழை விட்ட மறுநாள் போங்கள், ஒழுகும் இடம் தானே தெரியும். புதுக் கொட்டகையைப் பார்த்துப் பயனில்லை, ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கட்ட எவ்வளவு என்று கேட்பதைவிட, கட்டின பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். இரும்போ மரமோ, முதலில் போவது தரையைத் தொடும் இடம்தான். அதனால் தூணின் காலடியைத் தோண்டிப் பாருங்கள். முடிந்தால் கட்டியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளுமைதான் முக்கியம், பக்கத்தில் நல்ல ஆசாரியும் இருக்கிறார் என்றால் மரத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். வள்ளியம்மா அக்காவின் கொட்டகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆடுகளைக் கொட்டகையில் விட்ட அன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தேன். ராசு அண்ணனும் ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். என் கணவரின் அத்தை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கூடப் பொறந்தவனுக்காக இம்புட்டு செலவா?" என்றார்.

"எந்தம்பி போட்ட ஷெட்டு அத்தை. தூணோட அடியப் பாருங்க" என்றேன் நானும் அதே சத்தத்தில்.

அவர் நிஜமாகவே சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு தூணைத் தட்டியும் பார்த்தார். நிமிர்ந்தவர், வாடிப்பட்டியில் மகன் கோழிப் பண்ணை போடப் போகிறான், பாண்டியின் நம்பர் என்ன என்று கேட்டார். நான் போனைத் தேடிக்கொண்டிருந்தபோதே ராசு அண்ணன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.