கூரையில் ஒரு திறப்பு

புதிய குளியல் மண்டபத்துக்கு நான் கீறிய கட்டட வரைபடத்தில் கூரை திறந்திருந்தது. ஹோட்டல் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பழைய குளியலறைக்குள் கூட்டிப்போய் விளக்கை அணைத்தார்.

"இருட்டுத்தான் ஆக்களுக்கு நிம்மதி. கூரையை மூடுங்க."

எங்கோ தண்ணீர் சொட்டியது. ஈரச் சீமெந்து மணத்தது.

சுனாமிக்குப் பிறகு, நாங்கள் இருந்த குருக்கள்மடம் முகாமில், சீமெந்துத் தரை போட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிய பெண்கள் குளிக்கும் கொட்டிலும் இப்படித்தான் மணக்கும். இருட்டுக்குப் பயந்து ஒருவரும் உள்ளே போவதில்லை. ஒருநாள் அம்மா கத்தியெடுத்துக் கூரைப் படங்கைக் கிழித்தார்.

"மேலால ஹெலிகொப்டர் போகும், உள்ள பாப்பாங்கள், மூடுங்க!" முகாம் பொறுப்பாளர் கத்தினார்.

"போகட்டும். கடல் கறுப்பா வந்ததைக் கண்டனான். இனித் தண்ணியைப் பாக்காமத் தலையில ஊத்த மாட்டன்."

வெயில் வாளிக்குள் விழுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

முதலாளி விளக்கைப் போட்டார். நான் பென்சிலை எடுத்துத் திறப்பை இன்னும் அகலமாக்கினேன்.