நட்சத்திரத்துக்குப் போன வயர்

பழைய வயர் சூடேறினால் ஒரு வாசனை வரும். ரப்பரும் தூசியும் சேர்ந்து கருகுகிற வாசனை. போன வாரம் சிரம்பான் பக்கத்துப் பாரோயில், என் வீட்டு வாசலில், ஒரு கிழட்டு லோரியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது அது மூக்கில் ஏறியது. இந்த வயதில் அப்படிப் படுப்பது சுலபம். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

லோரியை வாங்கியவர் ஷீலா. சி ரூசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடைமுன் இதை நிறுத்தி விளக்குப் போட ஆசை; வயரைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். லாபு பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடந்ததாம். கதவில் உரிந்த பெயிண்டுக்கு அடியில், முன்பு நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் பெயர் தெரிந்தது.

"அங்கிள், மத்த வயரெல்லாம் எங்க போகுதுன்னு தெரிஞ்சிருச்சு. இந்த மஞ்ச வயர் மட்டும் கூரைக்குள்ள ஏறி சும்மா நிக்குது. எதுக்குலா இது?" என்றார் ஷீலா.

தெரியவில்லை என்றேன். பொய். அந்த வயரை இழுத்தவனே நான்தான்.

அப்போது தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் நான் வயர்மேன். அதாவது நான் அப்படிச் சொல்லிக்கொள்வேன். மற்றவர்களுக்கு நான் ஃபியூஸ் போடுகிறவன். கிறிஸ்துமஸ் வந்தால் பாட்டுக்குழு இதே லோரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும். அந்த வருஷம் கேபின் மேல் ஒரு நட்சத்திரம் எரிய வேண்டும் என்று எனக்கு வெறி. மூங்கில் சட்டம், வண்ணத்தாள், மரவள்ளி மாவுப் பசை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆனால் பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் எடுக்கச் சோம்பல். பெல்லுக்குப் போகிற இணைப்பை வெட்டி நட்சத்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். அந்த பெல், பின்னால் நிற்கும் பால்மரத் தொழிலாளர்கள் லோரியை நிறுத்தச் சொல்லி டிரைவருக்கு அமுக்குவது. பண்டிகை முடிந்து நட்சத்திரத்தைக் கழற்றியவன், பெல்லுக்குத் திரும்ப இணைப்புக் கொடுக்க மறந்துபோனேன்.

அடுத்த வேலைநாள் காலையில், ஒரு வளைவில், பால்மரம் சீவப் போன மரியாயி அக்கா லோரியிலிருந்து கீழே விழுந்தார். மற்றவர்கள் பெல்லை அமுக்கிக்கொண்டே கத்தியிருக்கிறார்கள். பால் டின்கள் உருளுகிற சத்தத்தில் எதுவும் முன்னால் கேட்கவில்லை. லோரி அரை மைல் தாண்டித்தான் நின்றது. இடுப்பு ஒடிந்து அக்கா அந்த மண்சாலையில் தனியாகக் கிடந்தார்.

"பெல் கேக்கவே இல்லைங்க," என்றார் டிரைவர் சூசை அண்ணன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சோதித்துப் பார்க்க ஆபீசிலிருந்து இறங்கி வருவதற்குள், நான் டேஷ்போர்டுக்குள் கைவிட்டு இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்துவிட்டேன். கிராணி அமுக்கினார். கணீரென்று அடித்தது. பண்டிகைத் தண்ணி இன்னும் இறங்கவில்லை என்று யாரோ சிரித்தார்கள். சூசை அண்ணன் குடிப்பவரே இல்லை.

அவருக்கு வேலை போனது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். சாமான் ஏற்றுகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வயர் தெரிஞ்சவன். நெசமா சொல்லு. பெல்லு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே."

"அப்ப என் காதுதான் போச்சு போல."

குரலில் கோபமே இல்லை. நாலு அறை விட்டிருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

தோட்டம் முதலில் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனையாகி, பிறகு வீடமைப்புக்கு விலைபோனது. மரியாயி அக்கா கடைசிவரை சாய்ந்து சாய்ந்து நடந்து, ஒருநாள் போய்ச் சேர்ந்தார். பல வருஷம் கழித்து சிரம்பான் பாசாரில் சூசை அண்ணனின் மகளைப் பார்த்தேன். அப்பா தவறிவிட்டார் என்றாள்.

"அதுக்கப்புறம் அப்பா ஸ்டியரிங்கையே தொடல அண்ணே. காது கேக்காதுன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. ஆனா நாங்க அடுப்படியில குசுகுசுன்னு பேசுனாகூட அவருக்குக் கேக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மீன் வாங்க நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். இப்போது அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கக்கூட எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரும் மிச்சமில்லை.